மயிலாடியில் பீடம் கிடைத்த ஹைட்ரஜன்

எங்கள் பள்ளி முற்றத்தில் வைக்க, கல்லில் ஒரு தனிம அட்டவணை செய்யச் சொல்லியிருந்தோம். இன்று காலை அதைப் பார்க்க, கல் சிற்பிகளின் ஊரான மயிலாடிக்குப் போனேன்.

பார்த்ததும் பகீரென்றது. லித்தியத்தின் தலைக்கு மேல் இருக்க வேண்டிய ஹைட்ரஜன் அங்கே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, நடுவில், சின்னப் பீடம் போட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தது.

கல்லில் அழிக்கவா முடியும்?

"என்ன அண்ணே இது? நான் தந்த படத்துல இப்படியா இருந்துச்சு?" என்று சிற்பி சுயம்பு அண்ணனிடம் கத்திவிட்டேன்.

அவர் உளியைக் கீழே வைக்கவே இல்லை.

"ஒண்ணாம் நம்பர் போட்டிருக்குல்லா டீச்சர்? முதல்ல உள்ளவரு பிள்ளையாருல்லா? அவரக் கொண்டு வரிசையில நிறுத்த மனசு வரல. அதான் தனியா பீடம் கெட்டி இருத்திட்டேன்."

கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

"வாயுவ எதுக்கு டீச்சர் உலோகத்துக்கு மேல வச்சிருக்கு?" என்று பிள்ளைகள் வருஷாவருஷம் கேட்பார்கள். இரண்டுக்கும் வெளிக்கூட்டில் ஒற்றை எலக்ட்ரான்தான் என்ற கதையைச் சொல்வேன். எனக்கே அதில் பாதித் திருப்திதான். எந்தக் குடும்பத்திலும் சரியாக ஒட்டாத அதைத் தனியாக வைக்கும் அட்டவணைகளும் உண்டு.

"மாத்தணுமா டீச்சர்?"

"வேண்டாம் அண்ணே. இப்படியே இருக்கட்டும். ரொம்ப நன்றி."

மத்தியானமே கல் பள்ளிக்கு வந்து இறங்கியது. சாயங்காலம் பார்க்கிறேன், ஹைட்ரஜன் தலையில் ஒரு செம்பருத்திப் பூ. நாளைக்கு ப்ளஸ் டூவுக்கு வேதியியல் பரீட்சை.

பிள்ளைகளே, பூ வைத்தது யார் என்று கேட்க மாட்டேன். படித்தாச்சா என்று மட்டும் கமெண்டில் சொல்லுங்கள்.