நீவிவிட்டது யார்

கணினித் திரையில் மகளின் மணிக்கட்டு வெளிறித் தெரிந்தது. ஓரிடத்தில் மட்டும் எலும்பின் ஓரம் நசுங்கிச் சின்னதாக மேடு தட்டியிருந்தது. எலும்பு டாக்டர் அதைப் பேனா முனையால் காட்டியபோது எனக்கு அழுகை வரவில்லை. பக்கத்தில் நின்ற நாத்தனாரைப் பார்த்தேன்.

என் கணவரின் அக்கா அவர். அண்ணி என்று கூப்பிடுவேன். போலகத்தில் வயலும் மாடுமாக இருப்பவர், கோவில்பத்தில் எங்கள் வீட்டில் நாலு நாள் தங்க வந்திருந்தார். வந்த அன்று மாலையே ஏழு வயது மகள் சைக்கிளிலிருந்து கையை ஊன்றி விழுந்தாள். எதற்கும் ஒரு படம் எடுத்துவிடலாம் என்று அண்ணி அப்போதே சொன்னார். சுளுக்குக்கு எதற்கு எக்ஸ்ரே என்று ஒரு மனம், எலும்பாக இருந்தால் என்ற பயத்தில் இன்னொரு மனம். கைபேசியில் ஒரு காணொளியைப் பார்த்து, நல்லெண்ணெய் சுடவைத்து நானே நீவினேன். விரல்களைப் பிடித்து இழுத்தும் விட்டேன். அவள் கத்தினாள். சுளுக்கு விடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் நீவினேன். கணவர் வெளியூர் போயிருந்தார்; வீக்கம் வடியாததால் மூன்றாம் நாள் நானும் அண்ணியும் அவளை டாக்டரிடம் கூட்டிவந்தோம்.

எண்ணெய் வாசனையை டாக்டர் கவனித்துவிட்டார். மகளை நர்ஸ் வெளியே கூட்டிப்போனதும், யார் நீவியது என்று கேட்டார். அவர் கண் என்மேல் நிற்கவில்லை. அண்ணியின் காய்ப்பேறிய விரல்களில் போய் நின்றது.

“நீங்களாம்மா?”

நான் வாய் திறக்கவில்லை. அண்ணி என் முகத்தை ஒரு தடவை பார்த்தார்.

“ஆமாங்க. தெரியாம செஞ்சுட்டேன்.”

நல்லவேளையாக முழுதாக ஒடியவில்லை, மாவுக்கட்டு தேவையில்லை, ஒட்டிப் பிரிக்கும் பட்டையை மூன்று வாரம் போட்டால் போதும், குளிக்கும்போது கழற்றலாம் என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பி, “படிச்சவங்க நீங்க. பாத்துக்கிட்டா இருந்தீங்க?” என்றார். தலையாட்டினேன்.

அன்றிரவு ஊரிலிருந்து திரும்பிய கணவர் அக்காவைக் கடிந்துகொண்டார். அந்த நேரம் நான் உள்ளே, தூங்கிவிட்ட மகளின் கையில் பட்டையைப் பிரித்துப் பிரித்து ஒட்டிக்கொண்டிருந்தேன், இறுக்கமா தளர்வா என்று தெரியாமல். மறுநாள் காலை பஸ்ஸிலேயே அண்ணி ஊருக்குப் போய்விட்டார். மூன்று வாரத்தில் எலும்பு கூடியது. எதுவும் மிச்சமில்லை என்றுதான் தோன்றியது.

இந்தப் பொங்கலுக்குப் போலகம் போயிருந்தோம். மகளுக்கு இப்போது ஒன்பது வயது. களத்தில் ஓடும்போது கால் பிசகி, நேராக அண்ணியிடம் போய் உட்கார்ந்து காலை நீட்டினாள். நீவிவிடச் சொன்னாள். அண்ணி இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

“அம்மாகிட்ட காட்டு கண்ணு. அத்தைக்கு அதெல்லாம் தெரியாதுல்ல.”

கணவர் அருகில்தான் கரும்பு நறுக்கிக்கொண்டிருந்தார். நான் குனிந்து மகளின் காலைத் தொட்டுப் பார்த்தேன். வீக்கம் இல்லை என்று மட்டும் சொன்னேன்.