கெட்ட நாளுக்கு வைத்த விறகு

வடகோடி உறைபனி ஊரான ஃபேர்பேங்க்ஸில் குளிர்காலப் புகைக்கு யார் காரணம் என்று ஆர்வில் டாக்கெட்டிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்வார். மின் நிலையத்துக் கரி. கடை வாசலில் ஆளில்லாமல் உறுமிக்கொண்டிருக்கும் லாரிகள். எதிர்வீட்டுக்காரனின் எண்ணெய் அடுப்பு. போதாக்குறைக்கு, குளிர்காற்று சட்டிக்கு மூடி போட்டது போல ஊரை அமுக்கிக்கொண்டு எதையும் மேலே விடுவதில்லை. எல்லாம் உண்மைதான். அவர் வீட்டைச் சூடாக்கும் விறகடுப்பு மட்டும் இந்தக் குற்றவாளிகளோடு ஒருநாளும் சேர்ந்ததில்லை.

ஆர்வில் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். விறகு அடுக்குவதில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது அவர் அபிப்பிராயம். கொட்டகையில் பர்ச் மரத்து விறகு, தார்ப்பாய்க்கு அடியில் கருவாடாகக் காய்ந்து கிடந்தது. வருகிறவர்களை அழைத்துப் போய்க் காட்டுவார். இரண்டு கட்டைகளைத் தட்டி ஒலி எழுப்பிக் காட்டுவார். எரிக்க மட்டும் மாட்டார். அது கெட்ட நாளுக்கு. அன்றாடத்துக்கு, பனி விழுவதற்குச் சற்று முன் வெட்டிய ஈர விறகுதான். அது அடுப்பில் சீறும், அழும், கடைசியில் வேண்டாவெறுப்பாகப் புகையும். அந்த மஞ்சள் புகை எங்கும் போகாமல் முற்றத்திலேயே படுத்துக்கொள்ளும்.

அதை நெஞ்சில் வாங்கிக்கொண்டிருந்தவள் அவர் மனைவி வெர்னா. நவம்பரில் பிடிக்கும் இருமல் ஏப்ரலில்தான் விடும். இன்னொரு குளிர்காலத்தை நுரையீரல் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

"பின்னாடி காஞ்சது அவ்வளவு கெடக்கே, அதை எடுத்துப் போடேன்."

"அது கெட்ட நாளுக்கு, வெர்னா."

"மைனஸ் நாப்பது. கார் கதவு தொறக்கல. இது என்ன, உனக்குக் கல்யாண நாளா?"

"இதைவிட மோசமா வரும்."

"வரட்டும். என் கல்லறை மேல அடுக்கி வச்சுக்கோ."

ஆர்வில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அந்த லாரியைப் பாரு, காலையில இருந்து ஓடிக்கிட்டே நிக்குது."

வெர்னா எழுந்துபோய்ப் பெட்டி கட்டினாள். வெயில் காயும் அரிசோனாவில் தங்கை இருந்தாள்.

"எப்ப திரும்பி வருவே?"

"மொதல்ல மூச்சு வரட்டும். அப்புறம் யோசிக்கிறேன்."

டாக்ஸியில் ஏறிப் போய்விட்டாள். விமான நிலையத்தில் பனிமூட்டம். மூன்று மணி நேரம் உட்காரவைத்து, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். திரும்பி வந்து வாசலில் இறங்கியவள் புகைபோக்கியைப் பார்த்தாள். மஞ்சள் புகை இல்லை. நூல் போல ஏதோ வெள்ளையாக ஆவி. கிழவர் அடுப்பை அணையவிட்டுவிட்டார் என்று நினைத்தாள். இந்தக் குளிரில் அடுப்பில்லாத வீட்டுக்குள் ஆள் என்ன ஆவார்? பெட்டியைப் பனியில் போட்டுவிட்டு, அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு ஓடினாள்.

கதவைத் திறந்ததும் வெப்பம் முகத்தில் அடித்தது. ஆர்வில் அடுப்புக்கு முன்னால் வெறும் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கூடை பர்ச்.

"செத்துட்டேன்னு நெனச்சேன்டா கிழவா!" மூச்சு வாங்க நின்றாள். பிறகுதான் கூடையைப் பார்த்தாள். "இது கெட்ட நாளுக்குன்னு சொன்னே?"

"ஆமா." அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன் டாக்ஸி தெருமுனை திரும்புச்சு பாரு, அப்பவே வந்துடுச்சு."

வெர்னா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பெட்டியை எடுத்துவர வெளியே போகவில்லை.

"இன்னொரு கட்டை போடு," என்றாள்.