வெள்ளிக்கிழமைக் கிணறு

எங்கள் மேட்டுக்காணிகளுக்கு நடுவில் ஒரே ஒரு கிணறுதான். குறிஞ்சாக்கேணிக் களப்பில் தண்ணீருக்குக் குறைவில்லை, அத்தனையும் உப்பு. மழை பொய்த்த வருடம் ஒரு திட்டம் வந்தது. பயிர் செய்யும் கமக்காரர் ஆறு பேருக்கும் பொதுவாக, வெயிலில் ஓடும் மோட்டர் ஒன்று தந்தார்கள். சத்தமே போடாத மோட்டர். பதிலுக்கு நாங்கள் தண்ணீர் அதிகம் குடிக்கிற பயிர் வைக்கக் கூடாது, வேரடியை வைக்கோலால் மூட வேண்டும். ஆறு பேரும் கிணற்றுக் கட்டில் கைவைத்து ஓம் என்று ஒப்புக்கொண்டோம்.

ஆளுக்கொரு காலை. வெள்ளிக்கிழமை கிணற்றுக்கு ஓய்வு. மோட்டர்ப் பெட்டிப் பூட்டின் திறப்பு என் மனைவியின் காக்காவிடம், அதாவது அவளுடைய அண்ணனான என் மச்சானிடம் இருந்தது. முறை பிரித்ததும் அவர்தான்.

"சனிக்கிழமை உங்களுக்கு மச்சான். ஓய்வுக்கு மறுநாள், கிணறு நிறைஞ்சு கிடக்கும். தங்கச்சிட புருஷனுக்கு வேற என்ன செய்ய?"

எனக்குக் கூட்டத்தில் வாய் வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் எண்ணத் தெரியும் என்பதால் அளக்கும் வேலையைத் தந்தார்கள். முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி, தினமும் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கிணற்றில் இறக்குவேன். எத்தனை முடிச்சு நனைந்தது என்று கொப்பியில் எழுதுவேன்.

நான் கவ்பிப் பயறு போட்டிருந்தேன். வறட்சி தாங்கும் இனம். அதில் விதை எடுத்து அடுத்த போகம் ஆறு பேரும் போடுவதென்று கதை. பூக்கும் காலத்தில் மட்டும் தண்ணீர் தவறக் கூடாது.

நீர் கூடியிருக்க வேண்டிய சனிக்கிழமைகளில் ஒரு முடிச்சுக் குறைந்திருந்தது. என் பாத்தி பாதி நனையுமுன்னே மோட்டர் சேற்றை இழுத்தது. கயிறு இழுபட்டுவிட்டதோ என்று புதுக்கயிறு வாங்கி, திரும்ப முழம் போட்டு முடிந்தேன். திட்டத்து உத்தியோகத்தர் கொப்பியைப் பார்த்துக் கேட்டபோது, "என்ட கயிறுதான் சேர் பிழை" என்றேன்.

மச்சான் சிரித்தார். "கல்லைக் கொஞ்சம் பெரிசாக் கட்டுங்க மச்சான். கயிறு மிதக்குது போல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, காலில் முள் ஏறி வீங்கி, ஜும்ஆத் தொழுகைக்குப் போக ஏலவில்லை. மனம் கேளாமல் கவ்பியைப் பார்க்க நொண்டிக்கொண்டு போனேன். உச்சி வெயில். ஊரே பள்ளிவாசலில். களைத்துப்போய்க் கிணற்றடிக் குழாயில் கையூன்றினேன். சுட்டிருக்க வேண்டிய குழாய் குளிர்ந்து கிடந்தது. உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

குழாய் போன வழியே நடந்தேன். மச்சானின் காணிக் கடைசியில், மரமுந்திரிகைகளுக்குப் பின்னால், கொடி கொடியாய் வத்தகை, தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கிற பயிர். காய்கள் குடம் போலக் கிடந்தன.

அங்கேயே குந்தியிருந்தேன். ஜும்ஆ முடிந்து, தொப்பியும் அத்தர் வாசமுமாக மச்சான் வந்தார். வாரா வாரம் மோட்டரைப் போட்டுவிட்டு வந்துதான் என் தோளோடு தோள் நின்று தொழுதிருக்கிறார்.

"தொழ வரல்லையா?" என்றார் முதலில். பிறகு, "தங்கச்சிக்குச் சொல்லிப்போடாதீங்க."

"என்ட கவ்பிக்கு இன்னும் ஒரு தண்ணி வேணும் மச்சான்."

"கவ்பி தாங்கும். அதுக்குத்தானே அந்த இனம்."

கிணற்றடியில் நடந்த அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவை. "கயிறு பிழையில்ல சேர்" என்றேன். பிறகு கையை மரமுந்திரிகைப் பக்கம் நீட்டினேன்.

மச்சான் மெல்லச் சொன்னார்: "பிழை எண்டு நீங்கதானே சொன்னீங்க."

உத்தியோகத்தர் போய்ப் பார்த்தார். இனிக் கேள்வி வரும் என்று நினைத்தேன். அவர் ஒரு பழத்தை மச்சானின் கையில் கொடுத்து, கொடிகளுக்கு நடுவில் நிற்கவைத்துப் படம் எடுத்தார். என்னிடம் தனியாக, "வாடினதைப் படமெடுத்து மேலிடத்துக்கு அனுப்ப ஏலாது காக்கா. திட்டம் நிண்டுபோகும்" என்றார்.

கவ்பிப் பூ உதிர்ந்தது. விதைக்கு ஒரு சுண்டு அளவுகூடத் தேறவில்லை.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை கால் ஆறியிருந்தது. பள்ளிக்குப் போனேன். மச்சான் வழமைபோல என் இடப்பக்கம் வந்து நின்றார். தொழுகை முடிவில் இரண்டு பக்கமும் முகம் திருப்பி ஸலாம் சொல்ல வேண்டும். வலப்பக்கம் சொன்னேன். இடப்பக்கம் திரும்பியும் சொன்னேன். கண்ணை மட்டும் மூடிக்கொண்டேன்.

வெளியே உச்சி வெயில். மோட்டர் ஓடுகிறதா என்று பள்ளியிலிருந்து கேட்காது.