மணலில் இழுபட்ட கால்

நோயை எனக்கு முதலில் காட்டித் தந்தது மணற்காடு என்ற கடலோர ஊரின் மணல். ஞாயிறு காலைகளில் அங்குள்ள சவுக்கங்காட்டுக்குள் ஓடுவது என் வழக்கம். ஒருநாள் போன வழியாலேயே திரும்பி வரும்போது என் சுவடுகளைப் பார்த்தேன். வலது கால் பதிந்த இடமெல்லாம் குழி. இடது கால் கோடு இழுத்திருந்தது.

காட்டு விளிம்பில் காத்திருந்த மனைவி யசோதாவும் கேட்டாள். "ஏன் காலை இழுத்துக்கொண்டு வாறியள்?"

முன்பொருநாள் ஓடும்போது வேரில் தடுக்கி விழுந்ததைச் சொன்னேன். எங்கள் ஊரில் விழுந்தவனுக்கு ஒரே நோய்தான், நெரிவு, அதாவது சுளுக்கு. ஆகவே முறிவு நெரிவு வைத்தியரிடம் போனோம். எண்ணெய் பூசி, துணி சுற்றி, கட்டுக்கு மேல் கட்டாக மாதங்கள் போயின. கட்டை அவிழ்த்தபோதெல்லாம் கால் மெலிந்திருந்தது. கட்டிவைத்த கால் மெலியத்தானே செய்யும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கெண்டைக்கால் சதை தானாகத் துடித்ததையும் குணமாவதன் அறிகுறி என்றே நம்பினேன். நம்புவதில் நான் கெட்டிக்காரன்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நரம்பு மின்பரிசோதனை (தசைக்குள் மெல்லிய ஊசி ஏற்றி நரம்பின் வேலையைப் பார்ப்பது) செய்தார்கள். இயக்க நரம்பணு நோய் என்றார் டொக்டர் (மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுசெல்லும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகும் நோய்). மாத்திரை இருக்கிறது, அது கொஞ்சம் தாமதப்படுத்தும், நிறுத்தாது.

கட்டுப் போட்டுக் காலத்தை வீணாக்கிவிட்டோமா என்று கேட்டேன்.

"நீங்கள் முதல் நாளே வந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பன்" என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். அவர் ஏசியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். பிழை எங்களுடையது என்றால், திருத்தவும் ஏதோ இருந்திருக்கும்.

அதே காட்டில் வருடாவருடம் ஓட்டம் ஒன்று வைப்பார்கள். கடைசியாக ஒருமுறை என் காலால் அதை முடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். பாதத் தொய்வு (பாதத்தின் முன்பகுதியை உயர்த்த முடியாமை) அப்போது முற்றியிருந்தது. யசோதா நெரிவுக்குக் கட்டிய பழைய துணியை எடுத்து, சப்பாத்து நுனியிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை இழுத்துக் கட்டினாள். கால்விரல் நுனி நிமிர்ந்து நின்றது. எண்ணெய் மணம் போகாத அந்தத் துணி அன்றுதான் எனக்கு முதன்முதலாக உதவியது.

ஓட்டம் தொடங்கியதும் எல்லோரும் முன்னால் ஓடிப்போனார்கள். நாங்கள் இருவரும் நடந்தோம். நான் இரண்டு தடவை விழுந்தேன். வாய்க்குள் மணல். சவுக்கங்காய்கள் உள்ளங்கையில் குத்தின. பின்னால் லான்ட்மாஸ்டர் என்ற சிறு உழவு இயந்திரத்தில் வந்த ஏற்பாட்டாளர் ஒருவர், வழிகாட்டக் கட்டியிருந்த நாடாக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே வந்தார்.

"அண்ணை, ஏறுங்கோ. உங்களுக்குப் பின்னாலை ஒருத்தரும் இல்லை."

"நடந்தே வாறன்" என்றேன்.

தண்ணீர் வைத்திருந்த இடத்தில் ஒரு போத்தலை எடுத்தேன். மூடி திரும்பவில்லை. மறுபடியும் முயன்றேன். பெருவிரல் வழுக்கிக்கொண்டே போனது. யசோதா வாங்கி ஒரே திருகில் திறந்தாள்.

"மூடி சரியான இறுக்கம்" என்றாள். அவளுக்குப் பொய் சொல்லவே வராது.

காலுக்கு விடைகொடுக்க வந்த இடத்தில் கையும் புறப்பட்டுவிட்டது. நான் அழுதேன். லான்ட்மாஸ்டர்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிச்சத் தூரத்தை நடந்தேன். வேறு என்ன செய்ய? முடிவுக்கோட்டில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

உங்களுக்கும் இந்த நோயின் பெயர் சொல்லப்பட்டிருந்தால், தைரியமாக இருங்கள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கெட்ட நாள் ஒன்றைக் கடக்கலாம், அவ்வளவு எனக்குத் தெரியும். கடந்த பிறகு, அதுவே நல்ல நாள் என்று நினைக்கும் அளவுக்கு மோசமாக அடுத்தது வரும். மாதமும் கிழமையும் எனக்கு இப்போது பிடிபடுவதில்லை. சட்டைப் பொத்தான் போட்ட காலம், பேனை பிடித்த காலம் என்றுதான் நினைவு வருகிறது.

ஓட்டத்துக்கு மறுநாள் தாகத்தில் ஒரு போத்தலை எடுத்தேன். மூடி தொட்டதும் கழன்றது. கை திரும்பிவிட்டதென்று ஒரு கணம் நெஞ்சு குதித்தது. அடுத்த போத்தலைப் பார்த்தேன், பிறகு ஊறுகாய்ப் போத்தலை, தேங்காயெண்ணெய்ப் போத்தலை. வீட்டிலிருந்த எல்லா மூடிகளையும் யசோதா தளர்த்தி வைத்திருந்தாள்.