கோணிப்போன சந்தனப் பட்டை

சத்தம் கேட்டவுடனே ஸ்பேனரைத் தூக்குகிறவனைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். முதலில் பார், அப்புறம் கழற்று. அடையாறில் மெக்கானிக் ஷெட் போட்ட நாளிலிருந்து இதையே கத்திக்கொண்டிருக்கிறேன். கத்தி என்ன பிரயோஜனம், செல்வி வண்டி கதையைச் சொல்லிவிடுகிறேன்.

செல்வி ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரி. பழைய கார் ஒன்றின் பின் சீட்டைக் கழற்றிவிட்டு ஐஸ் பெட்டிகளை அடுக்கி, தானே ஓட்டிப் போய் அபார்ட்மென்ட் அபார்ட்மென்டாக மீன் விற்பாள். ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம் ஷெட் வாசலில் வந்து நின்றாள். பின்னாலேயே மினி லாரியில், பழைய இரும்பை எடைக்கு வாங்கும் ஒரு காயலான் கடைக்காரர்.

“நைனா, நீயும் ஒரு தபா பாத்துரு. கியர் பாக்ஸ் பூட்ச்சாம். எடைக்குப் போட்டுருன்னு நான் எப்பவும் விடுற ஷெட்டுல சொல்லிட்டாங்கோ. வண்டி போச்சுன்னா நான் மறுபடி கூடையத் தூக்கிக்கினு படி ஏறணும். முட்டி தாங்காது.”

“என்ன சத்தம் வருது?”

“கெளம்பும்போது டக்குங்குது. ரிவர்ஸ் போட்டாலும் டக்கு. திருப்புனா டிக்கு டிக்குன்னு அடிச்சிக்கினே வருது.”

“கடைசியா எதுல கை வச்சாங்க?”

“பூஜைக்கு முன்னால அங்கயேதான் லெஃப்ட் ஆக்ஸில் மாத்துனாங்கோ.”

எனக்குப் பொறி தட்டியது. முன் சக்கரம் இழுக்கிற வண்டியில், கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் தண்டுதான் ஆக்ஸில். அதன் முனை சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் நுழையும். வெளியிலிருந்து ஒரு பெரிய நட்டு அதை இறுக்கிப் பிடித்திருக்கும். பிடி தளர்ந்தால் ஆக்ஸில் ஹப்புக்குள் ஆடும், டக்கென்று அடிக்கும்.

“இன்னாபா, டைம் பாஸ் பண்ணிக்கினு கீற? எனக்கு வேற சோலி இல்லியா?” என்றார் காயலான் கடைக்காரர்.

“இருந்தா போய்ப் பாருங்க” என்றேன். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும்.

ஜாக்கியை எடுக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க முதலில் வலது சக்கரத்தின் முன் குந்தி உட்கார்ந்தேன். நட்டை மூடும் வீல் கப்புகள் எப்போதோ விழுந்துவிட்டதால், பூஜையன்று செல்வி இரண்டு பக்கமும் அந்த நட்டின் மேலேயே சந்தனத்தில் மூன்று விரல் பட்டை இழுத்திருந்தாள். நட்டில் தொடங்கி, ஆக்ஸில் முனையைத் தாண்டி, மறுபடி நட்டு வரை மூன்று கோடுகளும் காய்ந்து நேராக இருந்தன.

இடது பக்கம் போனேன். ஆக்ஸில் முனையில் இருந்த கோடு ஒரு பக்கம், நட்டின் மேல் இருந்த கோடு வேறு பக்கம். பட்டை நடுவில் அறுந்து கோணிப்போயிருந்தது. எழுந்து நின்று வாய்விட்டுச் சிரித்தேன்.

செல்வி எட்டிப் பார்த்துப் பதறிவிட்டாள். “ஐயோ, நான் நேராத்தான் இட்டேன் நைனா, ஆத்தா சத்தியமா!”

“நீ நேராத்தான் இட்டே. நட்டுதான் சுத்திக்கிச்சு.”

ஆக்ஸில் மாற்றியவர்கள் நட்டை இறுக்கியதோடு விட்டுவிட்டார்கள். அதன் மெல்லிய விளிம்பை, அதாவது உதட்டை, ஆக்ஸிலில் உள்ள பள்ளத்துக்குள் அடித்து மடக்கினால்தான் அது திரும்பாது. மடக்காத குறையைச் சந்தனம் மூடிவிட்டது. அப்புறம் பார்த்தவர்களும் சாமி காரியம் என்று அதைத் தொடவே இல்லை.

கழற்றிப் பார்த்தேன். ஆக்ஸில் பல்லும் பேரிங்கும் நல்லபடியாக இருந்தன. புது நட்டு போட்டு, சக்கரத்தைத் தரையில் ஊன்றி, செல்வியை பிரேக் மிதிக்கச் சொல்லி, சரியான அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். பஞ்ச் உளியை வைத்துத் தட்டி உதட்டை மடக்கினேன்.

“எடுத்துப் பாரு.”

முன்னால் போனாள். ரிவர்ஸ் வந்தாள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஷெட்டையே ஒரு சுற்று சுற்றினாள். ஒரு சத்தமும் இல்லை. கண்ணாடியை இறக்கிக் காயலான் கடைக்காரருக்குப் பெரிய கும்பிடு போட்டாள்.

“நீ கெளம்பு மாமா. எடைக்குப் போட இங்க ஒண்ணும் இல்ல.”

அன்று எனக்கிருந்த மிதப்பைச் சொல்லி மாளாது. கியர் பாக்ஸைத் தொடாமலே கியர் பாக்ஸ் கேஸை முடித்தவன் நான்!

இப்போது எங்கள் ஷெட்டில் ஆக்ஸில் நட்டை இறுக்கினால், உதட்டை மடக்கிவிட்டு மேலே சந்தனப் பட்டையும் இழுத்துத்தான் வண்டியை வெளியே விடுவோம். மறுபடி வரும்போது முதலில் அதைத்தான் குனிந்து பார்ப்பேன். எனக்குப் பக்தி முற்றிவிட்டதாகக் கஸ்டமர்கள் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.