கேட்டுக் கொக்கியில் ஒரு தூக்குவாளி

இன்று காலை எங்கள் வீட்டு இரும்புக் கேட்டின் கொக்கியில் ஒரு தூக்குவாளி தொங்கியது. காய்ச்சலில் கிடந்த நான் சன்னல் வழியாக அதைப் பார்த்தேன். உடனே மைனி நினைவுதான் வந்தது. மைனி என் அண்ணன் மனைவி. இப்போது அடுத்த தெருவில் இருக்கிறாள். பல வருஷத்துக்கு முன்பு எல்லாரும் இதே வீட்டில்தான் இருந்தோம். கடியப்பட்டணத்தில் யாருக்குச் சீக்கு என்றாலும் ரொட்டியும் ஆரஞ்சுமாக முதல் ஆளாகப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிடுவாள். எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் போகாவிட்டால்கூட மன்னிப்பார்கள். சுகம் விசாரிக்கப் போகாவிட்டால் பேச்சுவார்த்தையே அற்றுப்போகும்.

கல்யாணமாகி நெடுநாள் ஏங்கி, மைனி அப்போதுதான் உண்டாகியிருந்தாள். அந்த மழைக்காலத்தில் கேரளத்துப் பக்கம் தங்கிக் கடல்தொழில் செய்தவர்கள் இருமிக்கொண்டே ஊர் திரும்பினார்கள். போட்டில் நெருக்கியடித்துப் படுப்பவர்கள். ஒருவனுக்கு வந்தது எல்லாருக்கும் வந்திருந்தது. அந்த வீடுகளுக்கெல்லாம் தெருவே திரண்டு போய், பார்க்கப் போன காய்ச்சலைக் கையோடு கூட்டி வந்தது. "வயித்துல பிள்ள இருக்கு மைனி, போவாண்டாம்" என்று கெஞ்சினேன். கேட்டால்தானே! "ஏட்டி, எனக்குத்தான் கழிஞ்ச வருசமே இந்தக் காச்சல் வந்திட்டுப் போச்சே. வந்த சீக்கு இனியும் வருமா?" என்று கிளம்பிவிட்டாள்.

வந்தது. மூச்சு வாங்கவே நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தாயா பிள்ளையா என்று அண்ணன் வராந்தாவில் முழங்காலில் நின்றான். அந்த நேரம் பார்த்துத் தெருவே வேன் பிடித்து வந்து இறங்கியது, ரொட்டியும் ஆரஞ்சுமாக! டாக்டரம்மாவும் கடற்கரைக்காரிதான். வாசலிலேயே மறித்துவிட்டார்.

"வள்ளத்துக்கு வருசா வருசம் பெயின்ட் மாத்துவியள்லா? பச்சைன்னு பாத்து வச்ச கண்ணு, நீலமா வந்தா தடுமாறும். இந்தக் கிருமியும் அப்பிடித்தான். ஆளு மாறி ஆளு போவப் போவ மேல்பக்கத்த மாத்திக்கிடும். பழசத் தெரிஞ்ச உடம்பு ஏமாந்திரும். அதுக்குத்தான் தடுப்பூசியும் வருசா வருசம் போடணும். இப்ப எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

மைனி பிழைத்தாள், வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. கர்த்தருக்கு நன்றி சொல்லி வீட்டுக்கு வந்தால், அவளுக்குப் புதிய துக்கம். "நான் எத்தன வீடு ஏறி இறங்கியிருக்கேன், ஒருத்தியாவது எட்டிப் பாத்தாளா?" என்று மூக்கைச் சிந்தினாள். அப்போது கேட்டில் டங்கென்று சத்தம். எதிர்வீட்டு அக்கா தூக்குவாளியைக் கொக்கியில் மாட்டிவிட்டு நடுரோட்டில் நின்று கத்தினாள்: "மக்கா, கஞ்சியும் பயறும் இருக்கு. நீ குடி, நான் இங்கனயே நிக்கேன்." சன்னலோரம் உட்கார்ந்து மைனி குடித்து முடிக்கும்வரை அவள் நகரவில்லை. சாயங்காலத்துக்குள் கொக்கியில் இடமில்லாமல் போயிற்று. மைனி அழுதுகொண்டே சிரித்தாள். அதற்கப்புறம் வருஷந்தோறும், "வள்ளம் பெயின்ட் மாத்திட்டு, வாங்கட்டி!" என்று தெருப் பெண்களை ஊசிக்கு இழுத்துக்கொண்டு போவதும் அவள்தான். நான்தான் இந்த வருஷம் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு மாட்டிக்கொண்டேன்.

தூக்குவாளியை எடுக்கப் படியிறங்கினேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடப் பையோடு ஒருத்தி நின்றாள். மாஸ்க்குக்கு மேலே மைனியின் அதே கண்கள். அன்று வயிற்றில் இருந்தவள்.

"பஸ் போயிரும், நீ போ மக்கா" என்றேன்.

"நீ குடி அத்த. பாக்காமப் போனா அம்ம என்னைய வீட்டுல ஏத்தமாட்டா."

படியிலேயே உட்கார்ந்து மூடியைத் திறந்தேன். கஞ்சி இன்னும் சுட்டது. பஸ் வந்தது, போனது. அவள் அங்கேயே நின்றாள்.