பள்ளத்தூரைப் பற்றி ஒன்று

மைக்கைப் பிடித்தவர்கள் எல்லோரும் காணாமல் போன பொருளைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று ஒன்பது வயது வரைக்கும் நான் நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளத்தூரில் நான் கேட்டு வளர்ந்த மைக் அப்படி. மாரியம்மன் திருவிழாவில் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, மஞ்சள் சட்டை போட்ட பையன் ஒருவன் பெயர் கேட்டால் அழுகிறான், வந்து கூட்டிப் போகவும் என்பார்கள். பிறகு ஒற்றைக் கொலுசு. பிறகு சாவிக்கொத்து. ஒரு வருடம் பந்தலில் இருந்த டார்ச் லைட்டை யாரோ எடுத்துவிட்டார்கள். மைக்செட்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எடுத்தவுக யாருன்னு எங்களுக்குத் தெரியும். பேரைச் சொல்ல வேணாம்னு பாக்குறோம்" என்றார். பத்தே நிமிடத்தில் டார்ச் லைட் மேடைக்கு வந்து சேர்ந்தது.

ஆகவே சினிமா விருது விழாவிலும் அதுதான் நடக்கும் என்று நான் நினைத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. ஏனென்றால், விருது வாங்கப்போகும் டைரக்டரின் கூலிங் கிளாஸ் என்னிடம் இருந்தது.

முந்தின வருடம் எங்கள் தெருக்கோடிப் பெரிய வீட்டில் அவருடைய படப்பிடிப்பு நடந்தது. முகம் கழுவுவதற்காக அவர் கண்ணாடியைக் கழற்றி ஜன்னலில் வைத்தார். நான் எடுத்தேன் என்று எழுதக் கை வரவில்லை. அது என் டவுசர் பைக்குள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வைக்கோல் போருக்குள் ஒளித்து வைத்து, ஆளில்லாத நேரத்தில் போட்டுக்கொண்டு எருமையைப் பார்ப்பேன். எருமை இன்னும் கொஞ்சம் கறுப்பாகத் தெரியும். அவ்வளவுதான் பலன்.

அதே படப்பிடிப்பில் அத்தையும் நின்றாள். மாமா துபாயில் இருந்ததால் அத்தை அப்போது எங்களோடுதான் இருந்தாள். கல்யாணக் காட்சிக்குப் பெண்கள் வேண்டும் என்று கேட்டார்கள். அத்தை பச்சைப் பட்டுடுத்தி, ஆரத்தித் தட்டோடு கதாநாயகிக்குப் பக்கத்தில் ஒரு பகல் முழுக்க நின்றாள். படம் காரைக்குடி தியேட்டருக்கு வந்ததும் தெருவையே கூட்டிக்கொண்டு போனாள். கல்யாணம் வந்தது, கதாநாயகி வந்தாள், அவள் பக்கத்தில் ஒரு தூண் வந்தது. அத்தை வரவில்லை. எதிர்வீட்டுப் பெரியம்மா தியேட்டர் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏத்தா, தூணுக்குப் பின்னாடி நின்னியாக்கும்?"

அதற்குப் பிறகு அத்தை கடைக்குப் போனால், நடிகை வாராக, வழி விடுங்கப்பா என்பார்கள். அவள் நின்றதே பொய் என்றும் சிலர் பேசினார்கள். அத்தை கடைக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

அப்போதுதான் பெரிய வீட்டுக் காவல்காரர் ஒரு சேதி கொண்டுவந்தார். அந்தப் படத்துக்கு விருதாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் போடுகிறார்களாம். படத்தில் வராத, ஷூட்டிங்கில் எடுத்த காட்சியெல்லாம் காட்டுவார்களாம். அத்தை வீடு வீடாகப் போய் அழைத்தாள். எதிர்வீட்டுப் பெரியம்மாவை இரண்டு தடவை அழைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கால் வைக்க இடமில்லை. மேடைக்கு வந்த ஒருவரையும் எங்கள் ஆட்கள் சும்மா விடவில்லை. இவனுக்கு எதற்குக் கொடுத்தார்கள், அவனுக்கு ஏன் கொடுக்கவில்லை, அந்தப் பெண் கட்டியிருப்பது சேலையா ஜன்னல் திரையா என்று ஒரே விசாரணை. ஒரு நடிகை விருதைக் கட்டிக்கொண்டு அழுதபோது பெரியம்மா, "கண்ணு கலங்குது, மை கலங்கலையே" என்று கேஸை முடித்து வைத்தாள். நான் டிவி மேசைக்குப் பக்கத்திலேயே, கேபிள் ஒயருக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

டைரக்டர் வந்தார். கண்ணாடி இல்லை. விளக்கு வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கூட்டத்தை இப்படியும் அப்படியும் பார்த்தார். என்னைத்தான் தேடுகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மைக்கைப் பிடித்தார். தொண்டையைச் செருமினார்.

"இந்த நேரத்துல பள்ளத்தூரைப் பத்தி ஒண்ணு சொல்லியாகணும்."

"அண்ணே, நம்ம ஊரைச் சொல்றாக" என்று அத்தை அப்பாவின் கையைப் பிடித்தாள்.

நான் ஒயரைப் பிடுங்கினேன்.

திரை முழுக்கப் புள்ளி மழை. அப்பா டிவியின் தலையில் இரண்டு போட்டார். பிறகு மொட்டை மாடிக்கு ஓடினார். கேபிள்காரரின் வம்சத்தையே எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தபோது, நான் ஒயரை நைசாகச் செருகிவிட்டேன். படம் வந்தது. மேடையில் யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"சரியா ஓ முகம் வாரப்பத்தான் கேபிளு போகுமாக்கும்."

அத்தை காபி குடித்த தம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு நேரமில்லை. நான் பிடுங்கியது எங்கள் வீட்டு ஒயரை மட்டும்தான், மற்ற வீடுகளில் என் பெயர் இந்நேரம் ஒலித்திருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஐந்து மணிக்கு அடுத்த தெருவிலிருந்து ஒரு கூட்டமே எங்கள் வீட்டை நோக்கி வந்தது. நான் கட்டிலுக்கு அடியில் புகுந்தேன். போலீஸ் கேட்டால் எருமை மேல் பழி போடுவதா, தங்கச்சி மேல் போடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வந்தவர்கள் அத்தையைத் தேடி வந்திருந்தார்கள். பள்ளத்தூர்ப் பெண்கள் ஒரு பகல் முழுக்கக் கால் கடுக்க நின்றார்கள், அவர்களைப் படத்தில் வைக்க முடியாமல் போனது தனக்கு வருத்தம் என்று டைரக்டர் சொன்னாராம். சொல்லிவிட்டு அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டச் சொன்னாராம். கதாநாயகிக்குப் பக்கத்தில் ஆரத்தித் தட்டோடு அத்தை திரை நிறைய நின்றாளாம். கூலிங் கிளாஸைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை.

கட்டிலுக்கு அடியில் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அத்தை பெயரும் தப்பியது, என் பெயரும் தப்பியது. இனி யாருக்கு என்ன குறை என்று நினைத்தேன். ஆனால் அத்தை வந்தவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பச்சைச் சேலை தெரிஞ்சுச்சா? நா எப்புடி இருந்தேன்?"

ஒருவர் சொன்னால் போதாதா, ஏன் ஆளாளுக்குக் கேட்கிறாள் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

அந்த நிகழ்ச்சியை அவர்கள் மறுபடி போடவில்லை. அன்றைக்குப் பள்ளத்தூரில் டிவி இருந்த வீட்டிலெல்லாம் அத்தையைப் பார்த்தார்கள். பார்க்காதவர்கள் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும்தான். அத்தையும் எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள்.